பூனை ஏறினாலும் தாங்குமா? ஊர்வனக் கூண்டின் மூடிகள், பூட்டுகள், விரட்டிகள்: ஒரு மதிப்பாய்வு

ஹீட் லேம்ப் எரியும் கண்ணாடித் தொட்டியின் வலைமூடி பூனைக்கு மெத்தை மாதிரி. 30 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில்தான் பூனையின் உடம்பு பாடுபடாமல் இருக்கும். நமக்கு இதமாகத் தெரியும் அறை அதற்குக் கொஞ்சம் குளிர். போதாக்குறைக்கு இடம் உயரமானது, உள்ளே ஒரு வால் அசைகிறது, தீனிக்கு விட்ட வெட்டுக்கிளிகள் தாவுகின்றன. இத்தனையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டுக் கிட்டே வராதே என்றால் எந்தப் பூனை கேட்கும்?

அதனால்தான் ‘பூனை விரட்டி’ என்று பெயர் போட்டு விற்பவை இந்த மதிப்பாய்வில் பின்னால் வருகின்றன. காசு முதலில் போக வேண்டிய இடம் மூடியும் பூட்டும். எதை எடுத்தாலும் கேட்க வேண்டியவை மூன்று: நான்கைந்து கிலோ எடை மேலே குதித்தால் தாங்குமா? நகம் உள்ளே எட்டுமா? பாதத்தால் தள்ளியோ நகத்தை மாட்டி இழுத்தோ திறக்க முடியுமா?

வலைமூடிகள்

தொட்டியோடு வரும் சாதாரண மூடியைத் திருப்பிப் பாருங்கள். அலுமினியச் சட்டத்தின் உள்விளிம்பில் ஒரு பள்ளம் ஓடும். வலையை அந்தப் பள்ளத்துக்குள் மடித்து, மேலே ரப்பர் பீடிங்கை (கயிறு போன்ற ரப்பர் பட்டை) அழுத்திச் செருகியிருப்பார்கள். வலையைப் பிடித்திருப்பது அந்த ரப்பர் மட்டும்தான். பூனை குதித்தால் கம்பி அறுவது அபூர்வம். மூலையில் பீடிங் அரை அங்குலம் எழும்பும், அங்கிருந்து பக்கவாட்டில் பட்டன் கழல்வதுபோல வரிசையாகக் கழன்றுகொண்டே போகும். லேம்பின் சூட்டில் நாளாக நாளாக ரப்பர் இறுகிச் சுருங்குவதால், புதிதில் தாங்கிய மூடி ஓரிரண்டு ஆண்டில் தாங்காமல் போவதும் உண்டு.

சோதிப்பது எளிது. மூடியைக் கழற்றி இரு முனைகளையும் இரண்டு பலகைகள்மேல் வைத்து, நடுவில் 10 கிலோ மணல் பையை ஒரு சாண் உயரத்திலிருந்து விடுங்கள். வலை குழிந்து நின்றால் பரவாயில்லை. பீடிங் எழும்பினால் அந்த மூடி பூனை வீட்டுக்கு ஆகாது. குழிவு எவ்வளவு என்பதையும் அளந்து வையுங்கள். குளிர்காயும் கல் மூடிக்கு நெருக்கமாக இருந்தால், குழிந்த வலையும் அதன்மேல் நிற்கும் லேம்பும் கல்மேல் படுத்திருக்கும் பல்லியின் முதுகைத் தொட்டுவிடும்.

வலையின் உலோகமும் முக்கியம். கொசுவலை மாதிரியான கறுப்பு ஃபைபர் வலை உள்ள மூடியை வாங்கவே வேண்டாம். நகத்துக்குக் கிழியும், லேம்ப் அருகில் வந்தால் மேல்பூச்சு உருகி நாறும். மெல்லிய அலுமினிய வலை அவ்வளவு எளிதில் கிழியாது, ஆனால் ஒருமுறை குழிந்தால் நிமிராது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையை உலோகச் சட்டத்துக்குள் கடித்து மடித்தவையோ, பட்டை வைத்து ரிவெட் அடித்தவையோதான் தேறுகின்றன. 60 செ.மீ.க்கு மேல் நீளம் என்றால் நடுவில் குறுக்குச் சட்டம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 90 செ.மீ. நீளத்துக்கு ஒற்றை வலை, குறுக்கே எதுவும் இல்லை என்றால், அதை மூடி என்பதைவிட ஊஞ்சல் என்பது பொருந்தும்.

மூடி கிளிப்புகளைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. விளிம்பில் மாட்டும் ஸ்பிரிங் கிளிப், உள்ளேயிருந்து மேலே முட்டும் பாம்புக்காகச் செய்தது. மேலிருந்து விழும் எடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதற்காகத் தேவையில்லை என்று ஒதுக்கவும் வேண்டாம்: பூனை ஓரத்தில் கால் வைத்துத் தாவும்போது மறுபக்கம் மூடி எழும்பும், அப்போது கிளிப் இருந்தால்தான் தப்பிக்கலாம். 60 செ.மீ. தொட்டிக்கு நான்கு, 90 செ.மீ.க்கு ஆறு போடுங்கள். தொட்டி விளிம்பின் தடிமனுக்குச் சரியாகப் பொருந்தும் அளவுதான் வேண்டும். பெரிய அளவு கிளிப்பை நகம் ஒரே தட்டில் கழற்றிவிடும்.

மேல்காப்பு

இருக்கும் மூடியை மாற்ற முடியாதவர்கள் அதன்மேல் வெல்ட் மெஷ் (குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளைப் பற்றவைத்த வலை) காப்பு ஒன்று போடலாம். ஆயத்தமாகவும் கிடைக்கிறது, செய்துகொள்வதும் கடினமில்லை. அரை அங்குலக் கட்டம், 1 மி.மீ. கம்பி, 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சுற்றிலும் 20 மி.மீ. அலுமினிய எல் ஆங்கிள், 30 செ.மீ.க்கு ஒரு குறுக்குப் பட்டை. காப்புக்கும் உள் வலைக்கும் நடுவே 4 முதல் 5 செ.மீ. இடைவெளி கட்டாயம். கூரை வலையில் தலைகீழாகத் தொங்கும் பச்சோந்தியின் விரல்கள் வலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காப்பு வலையோடு ஒட்டியிருந்தால், கட்டத்துக்குள் நுழையும் நகம் நேராக அந்த விரலில்தான் மாட்டும்.

ஊர்வனவுக்கு வேண்டிய யுவி (புற ஊதா) வெளிச்சம் குறையாதா என்பது நியாயமான கேள்வி. கணக்குப் போட்டால், 12.7 மி.மீ. கட்டத்தில் 1 மி.மீ. கம்பி போக 11.7 மி.மீ. திறப்பு. அதன் வர்க்க விகிதம் சுமார் 0.85. அதாவது நேராக விழும் ஒளியில் 15 சதவீதம் போகும். சாய்ந்து வரும் ஒளியில் இன்னும் கொஞ்சம். தொட்டியின் நெருக்கமான உள்வலை ஏற்கெனவே 30 முதல் 50 சதவீதம் வரை தின்றுவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால், பியர்டட் டிராகன் பல்லி போன்று நிறைய யுவி தேவைப்படும் விலங்குக்குப் போதாமல் போகலாம். லேம்பையே காப்பின்மேல் ஏற்றி வைத்தால் தூரமும் 5 செ.மீ. கூடி, இழப்பு மேலும் ஏறும். எனவே காப்பு போட்ட அன்றே யுவி இண்டெக்ஸ் மீட்டரால், குளிர்காயும் இடத்தில் விலங்கின் முதுகு இருக்கும் உயரத்தில் அளவெடுங்கள். குறைந்திருந்தால் லேம்பைக் கீழே கொண்டுவர வழி பாருங்கள்.

இதைவிட நல்ல வடிவம், லேம்பையும் சேர்த்து உள்ளடக்கும் பெட்டிக் காப்பு. லேம்ப் டோமை (பல்புமேல் கவிழ்ந்த கிண்ணம்) சுற்றிக் கைவிடும் அளவுக்கு இடம் விட்டு நிற்கும் கம்பிக் கூடு, மேல்பகுதி 45 டிகிரி சரிவு. சமதளமாக விட்டால் சூட்டை நாடி அங்கேயும் போய்ப் படுக்கும். சரிவில் கால் ஊன்ற முடியாது. பார்க்க அழகாக இருக்காது என்பது உண்மைதான். ஆனால் உள்வலைக்கும் பல்புக்கும் நடுவே புதிதாக எதுவும் வராததால் யுவி அளவு அப்படியே இருக்கும்.

கதவும் பூட்டும்

முன்பக்கம் திறக்கும் கூண்டுகளில் நழுவும் கண்ணாடிக் கதவுதான் அதிகம். பாதத்தின் அடித்திண்டு கண்ணாடியில் நன்றாகப் பிடிக்கும் என்பதால், 4 மி.மீ. கண்ணாடியைப் பூனை பக்கவாட்டில் தள்ளிவிடுவது சகஜம். தள்ளுவது எளிதாகட்டும் என்று தண்டவாளத்தில் சிலிக்கான் எண்ணெய் தடவியிருந்தால் இன்னும் வசதி, பூனைக்கு.

இதற்கு ஷோகேஸ் பூட்டைவிட மலிவாக உருப்படியான எதுவும் இல்லை. பல் வெட்டிய பட்டையின் வளைந்த முனையை உள் கண்ணாடியின் விளிம்பில் மாட்டி, பட்டையை இரண்டு கண்ணாடிக்கும் நடுவே வெளியே விட்டு, பூட்டு உருளையை வெளிக் கண்ணாடியின் விளிம்பில் முட்டும் வரை தள்ள வேண்டும். இந்த ‘முட்டும் வரை’ என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு பல் மிச்சம் விட்டால் கதவு சில மி.மீ. ஆடும். பெரிய பாம்புக்கு அது ஒன்றுமில்லை, ஆனால் பூனை ஆட்டி ஆட்டி விளையாட ஆரம்பித்தால் கண்ணாடி விளிம்பு சில்லு பெயரும். பட்டையின்மேல் சிறு ரப்பர் குழாயைச் செருகிவிட்டால் உலோகம் கண்ணாடியில் படாது.

ஷோகேஸ் பூட்டு தடுக்காத ஒன்று உண்டு. மேல் தண்டவாளம் ஆழமாக இருப்பது, கதவை மேலே தூக்கிச் செருகி இறக்குவதற்காக. கண்ணாடியைக் குட்டையாக வெட்டியிருந்தால், பூட்டிய நிலையிலேயே கீழ் விளிம்பு தண்டவாளத்தை விட்டு வெளியே வந்துவிடும். கூண்டு கைக்கு வந்ததும் பூட்டிவிட்டு, உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து மேலே தூக்கிப் பாருங்கள். வெளியே வந்தால், மேல் தண்டவாளத்தின் பள்ளத்தில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் செருகி அந்த உயரத்தை அடைத்துவிடுங்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே உள்ள 3, 4 மி.மீ. சந்து குட்டிப் பாம்புக்கு வாசல் என்பதால், அதற்கும் ஒரு தெளிவான அக்ரிலிக் பட்டை ஒட்டுவது நல்லது. பூனை வீட்டில் தப்பிய குட்டிப் பாம்பைத் தேடும் வேலை பெரும்பாலும் பூனைக்கே முதலில் முடிந்துவிடும்.

கீல் வைத்த கண்ணாடிக் கதவுகளில் வரும் திருகு குமிழ்ப் பூட்டு பரவாயில்லை. கீழ்மூலையில் பிடித்து இழுத்தால் கதவு வளைந்து சந்து விடுகிறதா என்று மட்டும் பாருங்கள். வெறும் காந்தத்தை நம்பிய கதவு வேண்டாம். மரக் கதவென்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தாழ்ப்பாள்.

எந்தக் கூண்டு

புதிதாக வாங்குவோருக்கு: மேலே மூடிய மரக் கூண்டோ பிவிசி கூண்டோ, முன்பக்கம் பூட்டுள்ள கண்ணாடி. விளக்குகள் உள்ளே, காற்றுத் துளைகள் பக்கவாட்டிலும் பின்பக்கமும். மேல்தளம் திடமாக இருந்தால் பூனை படுத்தாலும் தூங்கினாலும் கவலையில்லை. விளக்கு உள்ளே இருப்பதால் ஊர்வன பல்பில் பட்டுச் சுட்டுக்கொள்ளாமல் இருக்கப் பல்புக் கம்பிக்கூடு அவசியம். பிவிசி 75, 80 டிகிரியிலேயே இளகும், எனவே விளக்குக்கும் கூரைக்கும் இடையே தயாரிப்பாளர் சொல்லும் தூரத்தைக் குறைக்கக் கூடாது.

முன்பக்கம் திறக்கும் கண்ணாடிக் கூண்டு இரண்டாம் இடம். மேல்வலையைப் பலப்படுத்தினால் போதும்.

மேலே திறக்கும் பழைய மீன்தொட்டி மூன்றாம் இடம். வலைக்குப் பதில் கண்ணாடித் தகடு போட்டு மூடுவதை மட்டும் செய்யவே வேண்டாம். பூனை குதித்தால் தகடு உடைந்து இரண்டு விலங்குகளும் வெட்டுப்படும், உடையாவிட்டால் காற்றும் யுவியும் நிற்கும்.

பச்சோந்திக்கான முழு வலைக்கூண்டு பூனை உள்ள அறைக்குப் பொருந்தாது. சுவர் முழுவதும் ஏணி. 45 செ.மீ. அகலமும் 90 செ.மீ. உயரமும் கொண்ட அலுமினிய வலைக்கூண்டின் எடை மிகக் குறைவு. பூனை பாதி உயரம் ஏறினாலே சாய்ந்துவிடும். துணி வலைக்கூண்டை இங்கே பேசவே தேவையில்லை. வேறு வழியில்லை என்றால் மேல்விளிம்பில் இரண்டு எல் பிராக்கெட் வைத்துச் சுவரோடு திருகுங்கள், கீழே கனமான தட்டு வையுங்கள், அறைக்கதவைச் சாத்தி வையுங்கள். அறைக்கதவில் நீளக் கைப்பிடி இருந்தால் பூனை தொங்கித் திறந்துவிடும். உருண்டைக் குமிழுக்கு மாற்றுங்கள்.

லேம்பும் ஒயரும்

பூனை உள்ளே விழுவதைவிட அடிக்கடி நடப்பது, வெளியே உள்ள பொருட்களைக் கலைப்பது. இதற்கென்று தனிப்பொருள் விற்பதில்லை என்பதால் யாரும் கவனிப்பதும் இல்லை.

கூண்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சார் ஒயரைப் பூனை கடித்து இழுத்து, சென்சார் கூண்டுக்கு வெளியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இப்போது அறையின் சூட்டை அளக்கிறது. 25 டிகிரிதான், இன்னும் சூடு வேண்டும் என்று ஹீட்டரை முழு வேகத்தில் ஓட்டும். உள்ளே 32 இருக்க வேண்டிய இடம் 45, 50 என்று ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் எரிகிறது, எல்லாம் சரி. சென்சார் ஒயரைக் கூண்டுக்குள் இரண்டு இடத்தில் திருகு கிளாம்ப்பால் பிடியுங்கள், வெளியே துளைக்கருகில் ஒரு முடிச்சு போட்டால் இழுவை சென்சாருக்குப் போகாது. செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால் செதிலோடு தோலும் உரியும். ஒட்டிக்கொண்ட பாம்பை இழுக்காமல், தாவர எண்ணெயைத் தடவி மெல்ல மெல்ல விடுவிக்க வேண்டும். தெர்மோஸ்டாட் வாங்கும்போது அதிகச் சூட்டில் தானாகத் துண்டிக்கும் வசதி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

வலைமேல் சும்மா வைத்த டோம் லேம்பை பூனை ஒரு தட்டில் தள்ளிவிடும். செராமிக் ஹீட்டரின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும், வெளிச்சமும் தராது. விழுந்து திரைச்சீலையில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கிளாம்ப்பை மட்டும் நம்பாமல் கூரைக் கொக்கியிலிருந்து சங்கிலியில் தொங்கவிடுங்கள், வலைமேல் இருந்தால் கம்பியால் கட்டுங்கள். ஒயர்களைக் கெட்டியான பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுச் சுவரோரம் கொண்டுபோங்கள். தொங்கும் ஒயர் பூனைக்குப் பொம்மை.

விரட்டிகள்

காற்றுச் சீற்ற விரட்டி: அசைவு சென்சாரோடு கூடிய ஸ்பிரே டப்பா. சுமார் ஒரு மீட்டருக்குள் பூனை வந்தால் ‘புஸ்’ என்று மணமில்லாத காற்றை அடிக்கும். விரட்டிகளில் உருப்படியாக வேலை செய்வது இது ஒன்றுதான், அதுவும் டப்பா தீரும் வரை. சென்சார் நகரும் வெப்பத்தை உணர்வது. ஹீட் லேம்ப் அதன் பார்வையில் இருந்தால், தெர்மோஸ்டாட் லேம்பை அணைத்துப் போடும்போதெல்லாம் ஆளே இல்லாமல் சீறும். இரண்டு நாளில் டப்பா காலி. கூண்டுக்கு முதுகைக் காட்டி, பூனை தாவும் மேசை விளிம்பை நோக்கி வையுங்கள். அழுத்தம் ஏற்றிய டப்பாவை 50 டிகிரிக்கு மேல் சூடாக விடக் கூடாது என்பதால் கூண்டின் மேலோ லேம்பின் அருகிலோ வைக்கவே கூடாது.

அல்ட்ராசவுண்ட் கருவி: நம் காதுக்குக் கேட்காத உச்ச ஒலியை எழுப்புவது. பூனைக்கு 60 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும், பெரும்பாலான பல்லிகளுக்கு 5 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். ஆகவே ஊர்வனவுக்குத் தொல்லையில்லை. பூனை சில நாளில் பழகிவிடும். வீட்டில் உயிருள்ள எலிகளோ நாயோ இருந்தால் பாதிப்பு அவற்றுக்குத்தான். வேண்டாம்.

முள் பாய், இருபக்க ஒட்டுத் தாள்: தாவி ஏறும் மேசை விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குப் போட்டால் ஓரளவு உதவும். ஒட்டுத் தாளில் தூசி படிந்தால் வேலை போச்சு. கூண்டுக்கு உள்ளே எந்த ஒட்டும் பொருளும் கூடாது.

எலுமிச்சை, யூகலிப்டஸ், டீ ட்ரீ எண்ணெய் ஸ்பிரே: மூன்றும் பூனைக்கு நஞ்சாகக் கூடியவை. அதன் கல்லீரலுக்கு இவற்றைச் சிதைக்கும் திறன் குறைவு. வலை வழியாக உள்ளே இறங்கும் ஆவி, நாக்கை நீட்டி மணம் பிடிக்கும் பாம்பையும் பல்லியையும் வதைக்கும். இயற்கையானது என்று அட்டையில் எழுதியிருந்தாலும் விலக்குங்கள்.

பூனைக்கு மணி கட்டுவதா? கட்டலாம். மணிச்சத்தம் கேட்டு ஓடுவதற்குப் பெட்டிக்குள் இருக்கும் பல்லிக்கு இடம் எங்கே?

பார்வையை மறைப்பது

பூட்டு கெட்டியாக இருந்தாலும் கண்ணாடிக்கு வெளியே நாள் முழுக்க ஒரு முகம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பது தேறாது. பியர்டட் டிராகன் தாடியைக் கறுக்க வைத்து உப்பும், கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். லெப்பர்ட் கெக்கோ பல்லி ஒளிந்தே கிடக்கும். பால் பைத்தான் மலைப்பாம்பு சாப்பிட மறுக்கும். பச்சோந்தி நிறம் மங்கி, பகலில் கண்ணை மூடிக்கொள்ளும். சில நூறு ஹெர்ட்ஸ் வரையான தாழ்ந்த அதிர்வுகளை உடம்பால் உணரும் பாம்புக்குப் பூனை மூடிமேல் குதிப்பது இடி விழுவதுபோல.

கண்ணாடியில் ஒட்டிப் பார்வையை மறைக்கும் மங்கல் ஒட்டுப்படம் நல்ல பொருள். பின்புறமும் இரு பக்கமும் முழுவதும், முன்கண்ணாடியில் கீழே 25, 30 செ.மீ. வரை வெளிப்புறமாக ஒட்டுங்கள். நான்கு காலில் நிற்கும் பூனையின் கண்மட்டம் அவ்வளவுதான். கூண்டின் முன்னால் பூனை நிற்கும் அளவுக்கு மேசை விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் இது பாதிதான் பயன்படும், எனவே கூண்டை மேசையின் முன்விளிம்போடு சேர்த்து வையுங்கள். நின்ற இடத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தாவும் விலங்குக்கு உயரத்தில் வைத்தும் பயனில்லை. பதிலாக, இரண்டு மீட்டர் தள்ளிக் கூண்டைவிட உயரமான பூனை மேடை ஒன்று, அதில் வெப்பக் கட்டுப்பாடுள்ள படுக்கை. சூட்டுக்காக வரும் பூனையைச் சூட்டைக் கொடுத்தே விலக்கலாம். உறைந்த எலியை இளக்குவதை வேறு அறையில், மூடிய பையில் செய்யுங்கள். அந்த வாடை கூண்டுக்குப் போகும் வழியைப் பூனைக்குச் சொல்லிக் கொடுத்துவிடும்.

மருந்துப் பெட்டியில்

பாம்புச் செள்ளுக்கு (பாம்பின் உடம்பில் ஒட்டும் நுண்பூச்சி) அடிக்கும் சில ஸ்பிரேக்களில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து இருக்கிறது. பூனைக்கு அது வலிப்பு வரை கொண்டுபோகும் நஞ்சு. அடித்த கூண்டு நன்றாகக் காயும் வரை பூனை அந்த அறைக்குள் வரக் கூடாது. மறுபக்கம், பூனையின் கழுத்தில் தெள்ளு மருந்து விட்ட அன்று அதைத் தடவிய கையோடு பல்லியைத் தூக்காதீர்கள். ஊர்வனவின் தண்ணீர்க் கிண்ணத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் கழுவுவதற்கு எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போகவும் வேண்டாம்.

எல்லாவற்றையும் மீறிப் பல் பட்டுவிட்டால், காயம் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளியாகத்தான் தெரியும். பூனை வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி அந்தப் புள்ளி வழியாக உள்ளே போய்ச் சில நாளில் இரத்தத்தில் பரவும். உப்புநீரால் கழுவி, மண் ஒட்டாதபடி வெள்ளைத் தாள் விரித்த பெட்டியில் வைத்து, பல்லி சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வால் அறுந்திருந்தால் வாலைத் தேடி நேரம் போக்க வேண்டாம், அது ஒட்டாது. உடம்பில் வேறு புள்ளிகள் இருக்கின்றனவா என்று வயிற்றுப் பக்கம் திருப்பிப் பாருங்கள்.